குதிகால் பூட்டு

1

ஓசூரில் இருக்கும் என் மைத்துனர், யார் கேட்டாலும் நான் ஆஸ்திரேலியாவில் ‘ஐஸ் செருப்பு’ செய்கிறேன் என்றுதான் சொல்வார். ஒன்பது வருடமாகத் திருத்திப் பார்த்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் பெரிய தவறும் இல்லை.

பனிமலையில் சறுக்குவதற்கு ஒரு பலகை உண்டு. இரண்டு காலையும் அதன்மேல் குறுக்காக வைத்து நின்றபடி சரிவில் இறங்குவார்கள். பூட்ஸைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பகுதிக்குப் பைண்டிங் என்று பெயர். பழைய வகையில் பனியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, இரண்டு பட்டைகளை இழுத்து முடுக்க வேண்டும். நாங்கள் செய்வது மிதித்தால் பூட்டிக்கொள்ளும் வகை. முன்பாதத்தை உள்ளே நுழைத்துக் குதிகாலை அழுத்தினால், பின்பக்கம் ஓர் எஃகு நாக்கு ‘க்ளிக்’ என்று பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கில் இரண்டு பற்கள். முதல் பல் பிடித்தால் அரைப்பூட்டு, இரண்டாவதும் பிடித்தால்தான் முழுப்பூட்டு. மெல்பனில் என் ஒன்பது வருடமும் ஏறக்குறைய இந்தக் குதிகால் பூட்டுக்குள்ளேயே போயிருக்கிறது.

இந்தக் குறிப்பை எழுத வைத்தவள் என் மகள் ஆதிரை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜூன் மாதம் பள்ளியிலிருந்து பனி முகாமுக்கான அனுமதிப் படிவத்தைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். ஐந்து நாள் மலையில். வாடகைக்கு எடுக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் எங்கள் பட்டறை செய்யும் பைண்டிங்கின் பெயரும் இருந்தது.

சனிக்கிழமை அவளை வாடகைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரப் பையன் பலகையைத் தரையில் போட்டு, மிதிக்கச் சொன்னான். அவள் மிதித்தாள். க்ளிக். நான் மண்டியிட்டுக் குனிந்து, பூட்டின் ஓரத்தில் இருக்கும் சிறிய ஜன்னலைப் பார்த்தேன். பச்சை தெரிந்தது. பச்சை தெரிந்தால் முழுப்பூட்டு என்று அர்த்தம். இன்னொரு தடவை மிதி என்றேன். மிதித்தாள். இன்னொரு தடவை என்றேன். ஏழாவது தடவை அவள் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, “அப்பா, ஸ்டாப். பீப்பிள் ஆர் லுக்கிங்,” என்றாள்.

கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே, பயப்படாதீர்கள், இந்தப் பச்சை ஜன்னலைப் போட்டவன் புத்திசாலி என்றான். அதைப் போட்டவன் நான்தான். ஏன் போட்டேன் என்பது அவனுக்குத் தெரியாது. என் மகளுக்கும் அப்போது தெரியாது.

2

ஓசூரில் இருந்தபோது கார்களின் சீட் பெல்ட் கொக்கி செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கேயும் க்ளிக்தான் பிழைப்பு. கொக்கிக்குள் பட்டையின் நாக்கு நுழைந்து, சத்தமும் கேட்டு, ஆனால் உள்ளே சரியாகப் பிடிக்காமல் நிற்பதுதான் அந்தத் தொழிலில் பெரிய பயம். மாட்டாத பெல்ட்டைவிட அது மோசம். மாட்டாதவனுக்குத் தான் மாட்டவில்லை என்று தெரியும்.

இருபத்தாறு வயதில் ஒருநாள் மாலை ஷிப்டில், சோதனைக்கு எடுத்த கொக்கிகளில் ஒன்று அப்படி அரைகுறையாக நின்றது. ஒன்றே ஒன்றுதான். லைனை நிறுத்தினேன். அன்று போக வேண்டிய லாரி போகவில்லை. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் என்னைத் திட்டித் தீர்த்தார். மறுநாள் காலை ஸ்பிரிங் அச்சில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவரே வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு இருந்த கர்வம் இன்றும் நினைவிருக்கிறது.

அந்த ஆள்தான் நான். மெல்பனுக்கு வந்ததும் அவன் எங்கே போனான் என்று பலநாள் என்னையே கேட்டிருக்கிறேன். விடை எனக்குத் தெரியும். ஓசூரில் லைனை நிறுத்தினால் திட்டு கிடைக்கும். இங்கே என் விசா, மனைவியின் விசா, குழந்தையின் பள்ளி எல்லாம் ஒரே ஒருவரின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

3

அந்த ஒருவர் டேரன். மெல்பன் புறநகர் கேரம் டவுன்ஸில், நாங்கள் போகும் கோயிலிலிருந்து ஐந்து நிமிடக் கார் ஓட்டத்தில், தகரக் கொட்டகைகளாக நிற்கும் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர். கெட்டவர் அல்ல. காலையில் எனக்கு முன்பே வந்து, எனக்கும் சேர்த்துக் காபி போடுவார். ஓசூரில் கொக்கி செய்தவன் என்பதால்தான் என்னை எடுத்தார். பனியை நான் பார்த்ததே இல்லை என்றபோது, பூட்டுக்கு அது தெரியவா போகிறது என்று சிரித்தார். என் விசா வேலை கொடுப்பவர் பொறுப்பேற்றுத் தரும் தற்காலிக விசா. அவர் கையை எடுத்தால், புது முதலாளி கிடைக்கச் சில வாரம், கிடைக்காவிட்டால் விமானம்.

பட்டறையில் தமிழ் பேசும் இன்னொருவர் சுதன். சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம். படகில் வந்தவர். தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, இணைப்பு விசா எனப்படும் இடைக்கால அனுமதியில் வருடக்கணக்காக இருந்தார். வேலை செய்யலாம், ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. மனைவி ரஜனி வவுனியாவில். கல்யாணமாகி எட்டாம் மாதம் படகேறியவர், பிறகு அவளை நேரில் பார்க்கவில்லை.

சுதன் எந்திரத்தில் பாகங்களைக் கடைவார். குளிர்காலத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: புதிய பைண்டிங்குகளை மலையில் மாட்டிச் சறுக்கிப் பார்ப்பது. முகாமிலிருந்து வெளியே வந்த முதல் வருடம் மலை விடுதி ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவியிருக்கிறார். யாரோ விட்டுப்போன பழைய பலகையில் விழுந்து எழுந்து தானாகவே கற்றுக்கொண்டார். நான் கீழே நின்று அவர் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நடக்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு சுவரோரமாகப் போகிற மனிதர், பலகைமேல் ஏறினால் வேறு ஆள். உடம்பு விரிந்துவிடும்.

அப்படி என்ன இருக்கிறது அதில் என்று ஒருமுறை கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “மேல போனா ஹெல்மெட், கண்ணாடி, முகத்துக்குத் துணி. நான் ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை. ஒருத்தரும் பேப்பர் கேக்கிறேல்லை.”

4

பட்டறையின் பின்புறம் பெரிய ஐஸ்பெட்டி போன்ற ஒரு குளிரறை உண்டு. ஆறு வருடத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில், புதிய குதிகால் பூட்டை அதில் வைத்து நாற்பது முறை மிதித்துப் பார்த்தேன். ஆஸ்திரேலியப் பனி உலர்ந்த தூள் அல்ல, ஈரமானது. குதிகால் குழியில் ஈர மாவுபோல அப்பிக்கொண்டு இறுகும். அதனால் குழியில் வேண்டுமென்றே ஈரப் பனியை அடைத்தும் சோதித்தேன்.

மூன்று முறை அரைப்பூட்டில் நின்றது. க்ளிக் சத்தம் கேட்டது. கையால் இழுத்தால் வரவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. கம்பியை நுழைத்து அளந்தபோதுதான் இரண்டாவது பல் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

என் சொந்த நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்தேன்: ‘3 அரை. சத்தம் ஒன்றுபோல.’ அலுவலகத் தாளில் அதை ஏற்றவில்லை. பனியை அளவுக்கு மீறி அடைத்துவிட்டேன், அடுத்த வாரம் இன்னொரு முறை சோதித்துப் பிறகு எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வரவில்லை. பனி நன்றாக விழுந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமையே மலைக்குப் போகலாம் என்றார் டேரன். அந்த வெள்ளிக்கிழமைதான் என் விசா நீட்டிப்புக்கான தாள்கள் அவர் மேசைக்கு வந்திருந்தன. கையெழுத்துப் போடும் இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். பேனாவைக் கையில் எடுத்தவர், குதிகால் பூட்டைப் பற்றி உனக்குக் கவலை ஒன்றும் இல்லையே என்று கேட்டார். என்னை மடக்கக் கேட்டதல்ல. சாதாரணமாகக் கேட்டார்.

இல்லை என்றேன்.

5

செவ்வாய் காலை வானம் தெளிவாக இருந்தது. மெல்பனிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிப் போயிருந்தோம். நான் அடிவாரத்தில் தாளும் கேமராவுமாக நின்றேன். சுதன் கம்பிவட நாற்காலியில் மேலே போனார். அதில் ஏறும்போது முன்கால் மட்டும்தான் பலகையில் பூட்டியிருக்கும். பின்கால் சும்மா தொங்கும். உச்சியில் இறங்கியதும் பின்காலை மிதித்துப் பூட்ட வேண்டும்.

இரண்டு தடவை இறங்கினார், ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை மேலேயிருந்து எனக்குக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் புறப்பட்டார். சரிவின் நடுவில் திரும்பும் இடத்தில் பின்கால் பூட்டிலிருந்து கழன்றது.

ஒரு கால் கழன்றால், கழன்ற காலுக்கு ஒன்றும் ஆவதில்லை. மாட்டியிருக்கும் காலைத்தான் பலகை திருகும். சுதனின் உடல் ஒரு பக்கம் போக, பலகை அவருடைய முன்காலைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் சுற்றியது. அவர் உருண்டு நின்றபோது அந்தக் கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. நான் பனியில் முழங்கால்வரை புதைந்து புதைந்து மேலே ஓடினேன். மீட்புக்காரர்கள் எனக்கு முன்பே போய்விட்டார்கள். அவர் கத்தவில்லை. முகத்துணியைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

நான் செய்த முதல் காரியம் எது தெரியுமா? அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பின்கால் பூட்டின் குழியைப் பார்த்தேன். பனி அடைத்து இறுகியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கையைப் பிடித்தேன்.

6

முழங்கால் தசைநார் கிழிந்து, கீழே எலும்பு இரண்டும் உடைந்திருந்தன. தகடும் ஆணியும் வைத்தார்கள். மூன்றாம் நாள் என் மனைவி மாலதி ரசமும் குழைந்த சோறும் கொடுத்தனுப்ப, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். சுதன் தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

“நான்தான் அண்ணை சரியா மிதிக்கேல்லை,” என்றார். “சத்தம் கேட்டது எண்டுதான் நினைச்சனான். அவசரப்பட்டுட்டன் போல. உங்களுக்குத்தான் கரைச்சல்.”

நான் பாத்திரத்தைத் திறந்து, ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். சூடு பார்த்துக் குடியுங்கள் என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

அடுத்த வாரம் விபத்தை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மென்மையாகப் பேசுகிறவர். கேள்விகளைத் தாளில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிரறையில் இந்தப் பூட்டு பாதியில் நின்றதை நீ பார்த்ததில்லைதானே என்றார்.

“யெஸ்,” என்றேன்.

நம் பழக்கம் அது. ‘பார்க்கவில்லைதானே’ என்றால் ‘ஆமா, பார்க்கவில்லை’ என்போம். ஆங்கிலத்தில் அது தலைகீழாகப் போய்விடும். அவருக்கு நான் ‘ஆம், பார்த்தேன்’ என்று சொன்னதுபோலக் கேட்டது. பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஆம் என்றால் பார்த்தாய் என்றா, பார்க்கவில்லை என்றா? வேண்டுமானால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறேன், அவசரமே இல்லை என்றார்.

என் வாய் தவறி உண்மை வெளியே வந்துவிட்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் போதும். ஒரு தலையசைப்பு போதும். நான் என் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டேன்.

“நோ. ஐ நெவர் சா இட்,” என்றேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

பயன்படுத்தியவர் முழுமையாக மிதிக்காததே காரணமாக இருக்கலாம் என்று அறிக்கை முடிந்தது.

7

அந்த வசந்தகாலம் முழுவதும் பைத்தியம் பிடித்தவன்போல வேலை செய்தேன். குழியில் பனி தங்காதபடி அடிப்பக்கம் திறந்துவிட்டேன். முதல் பல்லின் வடிவத்தை மாற்றி, அரைப்பூட்டில் சத்தமே வராதபடி செய்தேன். பச்சை ஜன்னலைப் போட்டேன். பைண்டிங் நன்றாக விற்றது. டேரன் எனக்கு நிரந்தர வசிப்புரிமைக்கான தாள்களிலும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். பட்டறையில் என்னை மெச்சும்போதெல்லாம் எனக்கு அந்த அடைபட்ட குழிதான் கண்ணில் வரும்.

சுதனால் எந்திரத்தின் முன் மணிக்கணக்காக நிற்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு, டாண்டினாங்கில் ஒரு காய்கறிக் கிடங்கில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலைக்குப் போனார். மலைக்கு அதன்பிறகு போகவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

எனக்குச் சத்தங்கள் பிரச்சினையாயின. கார் பெல்ட்டை மாட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்ப்பேன். பிறகு மாலதியின் பெல்ட்டை. பிறகு பின்னால் திரும்பி ஆதிரையின் பெல்ட்டை. சிக்னலில் நிற்கும்போது மீண்டும். டிபன் டப்பா, பேனா மூடி, ஆதிரையின் சைக்கிள் ஹெல்மெட் எல்லாவற்றையும் இரண்டு முறை அழுத்துவேன். மாலதி டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். ஓசூர்த் தொழிற்சாலைப் பழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை. ஆனால் துருவிக் கேட்கவும் இல்லை.

சுதனை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கோயிலில், ஒரு தேர்த் திருவிழாவன்று. கூட்டத்தில் காலணி வைக்கும் தட்டுக்கு அருகே நின்றிருந்தார். இடது காலைத் தானாக மடக்க முடியாமல், கால்சட்டையைக் கையால் பிடித்துத் தூக்கி, நாற்காலி ஒன்றின்மேல் வைத்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆதிரைக்குக் கால் வலிக்கிறதாம் என்று மாலதியிடம் பொய் சொல்லி, சாமி பார்க்காமலே வீட்டுக்குக் கிளம்பினோம். கால் வலி என்ற பொய் என் வாயில் எப்படி வந்தது என்று காரில் வரும்போது யோசித்தேன்.

8

இந்த ஜூலையில் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நன்னடத்தை என்று ஒரு பகுதி. தண்டனை பெற்றதுண்டா, வழக்கு உண்டா, நாடு கடத்தப்பட்டதுண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றிலும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி வைத்துக்கொண்டே போனேன். எல்லாமே உண்மை. ஒரு கேள்விகூட அதைத் தொடவில்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, ஒரு பொய்யும் சொல்லாமல் இந்தப் படிவத்தை முடிக்க முடிகிறதே என்று பயமாக இருந்தது. கணினியை மூடிவிட்டேன்.

அடுத்த திங்கள் ஆதிரை முகாமுக்குக் கிளம்பினாள். பள்ளி வாசலில் பேருந்து புறப்படும்வரை நின்றேன். அவளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பூட்டை எனக்குத் தெரியும். ஆயிரம் முறை மிதித்துப் பார்த்த பூட்டு. ஆனால் அவள் பாதுகாப்பாக இருக்கிறாள் என்ற நிம்மதி எனக்கு எங்கிருந்து கிடைத்தது? சுதனின் காலிலிருந்து.

அவள் மலையில் இருந்த அந்த நாட்களில் கடிதத்தை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். குளிரறையில் பார்த்தது, தாளில் ஏற்றாதது, டேரனிடம் சொன்னது, விசாரித்தவரிடம் சொன்னது. நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, கீழே ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதி இணைத்தேன்.

டேரன் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வயதாகிவிட்டது அவருக்கு. பிறகு, நான் கேட்டது உனக்குச் சரியாகப் புரிந்திருக்காது, அப்போது உன் ஆங்கிலம் அப்படித்தானே இருந்தது, மொழிக் குழப்பம் என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். அவருக்கும் அது உதவும்தான்.

புரிந்தது என்றேன். அன்றே நன்றாகப் புரிந்தது.

கடிதம் வேலைப் பாதுகாப்புத் துறைக்குப் போனது. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மாலதியிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ‘அந்த ரசத்தை நான்தானே வெச்சுக் கொடுத்தேன்’ என்றாள். அதற்குமேல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஆதிரை முகம் சிவந்து, உதடு வெடித்து, மகிழ்ச்சியாக வந்து இறங்கினாள். பகல் நேரத்தில் நான் ஏன் வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, அவளுக்குப் புரியாத இடங்களில் ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்து சொல்லி முடித்தேன். சமீப காலமாக நான் என்ன பேசினாலும் போனைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவள், அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“டிட் யூ டெல் ஹிம்?” என்றாள்.

கம்பெனிக்கும் துறைக்கும் எழுதிவிட்டேன் என்றேன்.

“நோ அப்பா. அந்த அங்கிள்கிட்ட.”

9

ஞாயிறு மதியம் டாண்டினாங்குக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் பழைய செங்கல் அடுக்ககம், இரண்டாவது மாடி. மின்தூக்கி இல்லை. ஒவ்வொரு படியிலும் அவர் எப்படி ஏறுவார் என்று எண்ணியபடியே ஏறினேன்.

சுதன் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “அண்ணை, வாங்கோ, வாங்கோ,” என்று சொல்லி, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி இடம் கொடுத்தார். மெலிந்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. தேத்தண்ணி வைத்தார். ஆதிரை எப்படி இருக்கிறாள், எத்தனையாம் வகுப்பு என்று விசாரித்தார். அவர் விசா இன்னும் அதே நிலையில்தான் இருந்தது. கடிதம் வருகிறது, பதில் போடுகிறேன், திரும்பவும் கடிதம் வருகிறது என்றார்.

ரஜனி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

இருக்கிறா என்றார். முன்புபோலப் பேச்சு இல்லையாம். கால் உடைந்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. நான் இங்கே ஒற்றையில் காத்துக் கிடக்கிறேன், நீர் அங்கே பனியில் விளையாடப் போய்க் காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறீர் என்பாளாம். வேலைதான் என்று சொன்னாலும் நம்பமாட்டாள். கவனமாக இருந்திருந்தால் ஏன் உடைகிறது என்பாள். “அவ சொல்லுறதும் சரிதானே அண்ணை. நான்தானே ஒழுங்கா மிதிக்கேல்லை,” என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“இல்ல சுதன். நீங்க சரியாத்தான் மிதிச்சீங்க. பூட்டுலதான் கோளாறு. அது எனக்கு முன்னாடியே தெரியும்.”

முழுவதையும் சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. பார்வை என் முகத்தில் இல்லை. தன் இடது முழங்காலில் இருந்தது. கீழே தெருவில் யாரோ காரைத் துடைத்தபடி பாட்டு போட்டிருந்தார்கள்.

“ஆறு வருஷமா,” என்றார், “ஒவ்வொரு நாளும் எழும்பேக்க நான் இந்தக் காலைத்தான் பேசுறனான். உன்னாலதான் எல்லாம் போச்சுது எண்டு.”

அதன்பிறகு அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து வவுனியாவுக்கு அழைத்தார். அங்கே காலை நேரம். திரையில் ரஜனி வந்தார். ஈரத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“பட்டறையில என்னோட இருந்த அண்ணை வந்திருக்கிறார். உம்மோட கதைக்க வேணுமாம்,” என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். என்னிடம், “எனக்குச் சொன்னதை அவவுக்கும் சொல்லுங்கோ,” என்றார்.

சொன்னேன். விசாரித்தவரிடம் சொன்னபோது எனக்கு ஓர் அந்நிய மொழி இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. ரஜனிக்கு முன்னால் அப்படி எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தது, மறைத்தேன், பொய் சொன்னேன் என்று மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப ஏன் இப்ப வந்து சொல்லுறீங்கள்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வேறு நல்ல பதில் இருந்தால் சொல்லியிருப்பேன். “என் பொண்ணு பள்ளியிலேர்ந்து மலைக்குப் போனா. அதே பூட்டை மாட்டிக்கிட்டு நின்னா. அதைப் பார்த்தப்பதான்...” என்றேன்.

“பிள்ளை பத்திரமா வந்திட்டாவோ?”

“வந்துட்டா.”

“நல்லம்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “போனை அவரிட்டக் குடுங்கோ,” என்றார்.

சுதன் போனை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளிருந்து ‘ஓம்’ என்பது மட்டும் இடையிடையே கேட்டது. போவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. போனை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்திருந்தார், அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

“அண்ணை, நீங்கள் போங்கோ,” என்றார். “எழுதிக் குடுத்ததை மட்டும் மாத்திப்போடாதேங்கோ. இனி இஞ்ச வர வேண்டாம்.”

மாற்றமாட்டேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. கேட்டால் அவர் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று விழுங்கிவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். கதவு முழுதாகச் சாத்தப்படும் முன்பே அவர் போனை மறுபடி காதில் வைத்துவிட்டார்.

“இல்லையப்பா, அழாதை,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “இப்ப அவ்வளவா நோகிறேல்லை.”